பதாகை கட்டினாற் போதுமா?

உயர்தரப் பரீட்சையின் வெட்டுப்புள்ளிகள் வெளியானதும் எமது கிராமங்களின் சந்திகளிற் பதாகைகள் தோன்றுகின்றன. பல்கலைக்கழகம் புகும் பிள்ளையின் படமும் பெயரும் பீடமும் அவற்றிலே பெரிதாகப் பொறிக்கப்பட்டிருக்கும். ஒரு பதாகை பாடசாலையினுடையது. இன்னொன்று விளையாட்டுக் கழகத்தினுடையது. மூன்றாவது, "எமது மாணவன்" என்று உரிமை கொண்டாடும் தனியார் கல்வி நிலையத்தினுடையது. கோயிலிலே பொங்கல், வீட்டிலே உறவினர் கூட்டம், வெளிநாட்டிலிருந்து தொலைபேசி வாழ்த்து. சில மாதங்களின் பின்னர் அதே பிள்ளை ஒரு பயணப்பையும் ஒரு வாளியும் ஒரு தலையணையுமாக இரவு பஸ்ஸில் ஏறுகிறது. அன்றோடு தன் கடமையின் பெரும்பகுதி முடிந்ததாகக் குடும்பம் எண்ணிக்கொள்கிறது. எஞ்சிய மூன்று நான்கு ஆண்டுகளுக்கும் அதனிடம் இரண்டே கேள்விகள் உள்ளன: "சாப்பிட்டாயா?", "எப்போது முடியும்?"

இவ்விரு கேள்விகளும் அன்பிலிருந்து பிறந்தவை என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும், பல்கலைக்கழகத்திற்குப் பிள்ளையை அனுப்பும் குடும்பத்தின் ஆதரவு இவற்றோடு முடிந்துவிடுமாயின் அது போதாது என்பதும், சில வேளைகளில் தீங்காகவே முடிகிறது என்பதுமே இக்கட்டுரையின் வாதம். எமது குடும்பங்கள் காசு அனுப்புகின்றன. நகையை அடகு வைக்கின்றன. கோயிலுக்கு நேர்த்தி வைக்கின்றன. ஆனால், இங்கே நடப்பதை உள்ளபடி வீட்டிலே சொல்லும் உரிமையை மட்டும் பிள்ளைக்குக் கொடுப்பதில்லை. அந்த உரிமை இல்லாதவிடத்து ஏனைய உதவிகள் யாவும் அரைப்பயனே தருகின்றன.

பெற்றாரைக் குறைகூறும் கட்டுரையைத் தமிழ்ச் சங்க மலரிலா வெளியிடுவது என்று முகஞ்சுளிப்போர் இருப்பர். என் தாயின் சங்கிலி இன்னும் வங்கியில் அடகிலே கிடக்கிறது; அதனை மறந்து நான் எழுதவில்லை. நன்றியுணர்வு வேறு, ஆராய்வு வேறு. நன்றியின் பெயரால் இவ்விடயத்தை ஆராயாது விட்டதனாற்றான் முதலாண்டு மாணவர் சிலர் எவருக்கும் சொல்லாமல் மூட்டை கட்டிக்கொண்டு போகின்றனர். போகமுடியாதோர் எவருக்கும் சொல்லாமல் இங்கேயே இருந்து நலிகின்றனர்.

இந்நிலை தோன்றியவாறு

இலங்கைப் பல்கலைக்கழகம் 1942ஆம் ஆண்டிலே தோன்றியபோது அதிற் புகுந்தோருட் பெரும்பாலோர் ஆங்கிலங் கற்ற மத்தியதர வர்க்கத்துப் பிள்ளைகள். பல்கலைக்கழகம் என்றால் என்ன என்பது அவர்களுடைய வீடுகளுக்கு ஓரளவேனும் தெரிந்திருந்தது. கன்னங்கராவின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் இலவசக் கல்வி 1945இல் நடைமுறைக்கு வந்தது. 1960களிலே தாய்மொழி மூலம் பயின்றோர் கலைப்பீடங்களிற் பெருந்தொகையாகப் புகுந்தனர். கமக்காரனின் பிள்ளையும், மீனவனின் பிள்ளையும், சிறுகடைக்காரனின் பிள்ளையும், காலந் தாழ்த்தியேனும் தோட்டத் தொழிலாளியின் பிள்ளையும் விரிவுரை மண்டபத்தில் அமரும் காலம் வந்தது. 1974இல் யாழ்ப்பாணத்திலும், 1981இல் மட்டக்களப்பிலும், 1990களில் ஒலுவிலிலும் உயர்கல்வி நிலையங்கள் எழுந்தன. வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. இவ்வாறு பல்கலைக்கழகம் எமது வீடுகளுக்கு அருகே வந்தது. ஆனால் பல்கலைக்கழகத்தின் உள்வாழ்வு பற்றிய அறிவு அவ்வீடுகளுக்குட் செல்லவில்லை. வாழ்த்துப் பதாகையிலே பீடத்தின் பெயரை வாசிக்கும் தகப்பனுக்கு அப்பீடத்திலே என்ன நடக்கிறது என்று விளக்குவார் எவருமிலர்.

மறுபுறத்தில், அனுமதி என்பதே தமிழர் வாழ்வில் ஒரு காயமாகவும் இருந்திருக்கிறது. 1970களின் தொடக்கத்திற் கொண்டுவரப்பட்ட தரப்படுத்தல், கிடைக்கும் என்றிருந்த இடத்தைப் பலரிடமிருந்து பறித்தது. அதன்பின் வந்த மாவட்ட ஒதுக்கீடு, பின்தங்கிய மாவட்டங்கள் சிலவற்றிலிருந்து முதற்றலைமுறை மாணவரைக் கொண்டுவந்தது என்பதும் உண்மையே. 2009 வரை நீடித்த யுத்தம் இடம்பெயர்ந்த கொட்டில்களிலும் மரநிழல்களிலும் பிள்ளைகளைப் படிக்கவைத்தது. ஆகவே, ஓர் அனுமதிக் கடிதம் எமது வீடுகளில் வெறுங் கடிதமாகக் கருதப்படுவதில்லை. இழந்தவற்றுக்கெல்லாம் ஈடாக வந்ததாகவே கருதப்படுகிறது. இதனை விளங்கிக்கொள்ளாது பெற்றாரை ஏளனஞ் செய்வது நியாயமன்று.

ஆயினும், காரணத்தை விளங்கிக்கொள்வது விளைவை ஏற்றுக்கொள்வதாகாது. விளைவு யாது? பிள்ளை பெற்ற இடம் குடும்பத்தின் கௌரவமாகிறது; குடும்பத்தின் கௌரவம் ஊரின் கௌரவமாகிறது. கௌரவச் சின்னமாகிவிட்டவனுக்குக் களைப்பு வரலாகாது, பயம் வரலாகாது, ஒரு பாடத்திலே தவறவும் கூடாது. "கோழி மேய்த்தாலும் கோறணமேந்திலே மேய்க்கவேண்டும்" என்ற பழைய எண்ணமும் இதனோடு சேர்ந்துகொள்கிறது. பல்கலைக்கழகம் அரச உத்தியோகத்துக்குச் செல்லும் பாதையாக மட்டுமே காணப்படுகிறது. பாதையிலே செல்பவன் எப்போது போய்ச் சேருவான் என்று கேட்பார்களேயன்றி வழியிலே என்ன கண்டான், என்ன பட்டான் என்று எவருங் கேட்பதில்லை.

"எல்லாரும் பட்டதுதானே"

இதனை என் அனுபவத்திலிருந்தே கூறுகிறேன். விடுதிக்கு வந்த இரண்டாவது வாரத்தின் இறுதியில், ஒருவருக்குஞ் சொல்லாமல், இரவு பஸ் ஏறி ஊர் போய்ச் சேர்ந்தேன். பகிடிவதை என்ற பெயரில் நடந்தவற்றை இங்கு விவரிக்கப்போவதில்லை. இம்மலரை வாசிப்போருக்கு அவை தெரியும். படுவான்கரையிலே எமது வீட்டு முற்றத்தில் அதிகாலையிலே போய் நின்றபோது தகப்பனார் வயலுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். நான் சொன்னதைப் பாதிவரை கேட்டார். பின்னர், "எல்லாரும் பட்டதுதானே மகன். ரெண்டு மாசம் பொறுத்துக்கொண்டா முடிஞ்சிரும். சந்தியில பதாகை இன்னும் நிக்குது. இப்ப நீ வந்து நிண்டா ஊர் என்ன சொல்லும்?" என்றார்.

என் தகப்பனார் கொடியவரல்லர். எனக்காகக் கடன்பட்டவர். அவ்வாறாயின் அவர் அப்படிச் சொல்லக் காரணம் என்ன? பல்கலைக்கழகத்திலே முறைப்பாடு செய்ய ஓர் இடம் உண்டென்பது அவருக்குத் தெரியாது. முறைப்பாடு செய்தால் மகன் தனிமைப்படுத்தப்படுவான் என்று மட்டும் யாரோ சொல்லக் கேட்டிருந்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, திரும்பிவந்த மகனை ஊருக்கு எவ்வாறு விளக்குவது என்பது அவருக்குத் தெரியவில்லை. திங்கட்கிழமை நான் திரும்பிவந்தேன். அதன்பின் ஓராண்டு காலம் வீட்டிலே எதனையுஞ் சொல்லவில்லை. "எல்லாம் நல்லாப் போகுது அப்பா" என்பதே எனது நிரந்தர விடையாயிற்று. அவருக்கு நிம்மதி, எனக்குத் தனிமை.

எனது அறைத்தோழன் ஒருவன் என்னைப்போற் திரும்பிவரவில்லை. அவனுடைய கட்டில் முதலரையாண்டு முடியும்வரை வெறுமையாக இருந்தது. சுகவீனங் காரணமாக ஓராண்டு விடுமுறை எடுத்திருக்கிறான் என்று அவன் வீட்டார் ஊரிலே சொன்னதாகப் பின்னர் அறிந்தோம். அவர்களும் பதாகை கட்டியவர்களே.

பகிடிவதை இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1975இற் பேராதனையிலே பகிடிவதைக்கு அஞ்சி விடுதி மாடியிலிருந்து குதித்த மாணவி வாழ்நாள் முழுவதும் எழுந்து நடக்கமுடியாதவரானார். 1997இல் அங்கேயே பொறியியற்பீட முதலாண்டுத் தமிழ் மாணவர் ஒருவர் பகிடிவதையின் விளைவாக உயிரிழந்தார். அடுத்த ஆண்டிலே பாராளுமன்றம் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தை இயற்றியது. அச்சட்டத்தின்கீழ்ப் பகிடிவதை செய்பவருக்கு இரண்டாண்டு வரையும், பாலியற்றொல்லையோ கொடுங்காயமோ விளைவித்தவருக்குப் பத்தாண்டு வரையும் சிறைத்தண்டனை விதிக்கலாம். சட்டத்திலே குறையில்லை. சட்டத்தின்முன் வந்து நிற்க ஒரு முறைப்பாட்டாளன் வேண்டும். முறைப்பாட்டாளனுக்குப் பின்னால் ஒரு வீடு நிற்கவேண்டும். "பொறுத்துக்கொள்" என்று சொல்லும் ஒவ்வொரு வீடும், தான் அறியாமலே, அச்சட்டத்தைச் செயலற்றதாக்குகிறது. இதனைக் கடுஞ்சொல் என்று கருதுவோர், வதை செய்யும் சிரேஷ்ட மாணவன் எதனை நம்பித் துணிகிறான் என்று சிந்திக்கட்டும். கனிஷ்ட மாணவன் வீட்டிலே சொல்லமாட்டான், சொன்னாலும் வீடு நம்பாது, நம்பினாலும் அடக்கிவிடும் என்பதையே அவன் நம்புகிறான்.

"முறைப்பாடு செய்யச் சொல்லிப் பிள்ளையைப் பலியாக்குவதா?" என்று கேட்கப்படும். நான் அவ்வாறு கூறவில்லை. பொறு என்று கட்டளையிடுவதும் போய் முறையிடு என்று கட்டளையிடுவதும் ஒரே தவறுதான். இரண்டிலும் முடிவு பிள்ளையினுடையதாக இல்லை. குடும்பம் முதலிற் செய்யவேண்டியது நம்புவது. இரண்டாவது, நடந்தவற்றைத் திகதியோடு எழுதி வைக்கச் செய்வது. மூன்றாவது, மாணவ ஆலோசகர் யார், விடுதிப் பொறுப்பாளர் யார், அவர்களை எந்த இலக்கத்தில் அழைக்கலாம் என்பதை அறிந்திருப்பது. அதன்பின் பிள்ளையின் சம்மதத்தோடு செயற்படுவது. இவற்றுள் எதற்கும் காசு வேண்டியதில்லை, பட்டப்படிப்பும் வேண்டியதில்லை.

காசும் மௌனமும்

கல்வி இலவசம் என்பதை நாம் பெருமையோடு கூறுகிறோம். விரிவுரைக்குக் கட்டணமில்லை என்பதே அதன் பொருள். உணவும், விடுதி கிடைக்காதவிடத்து அறை வாடகையும், நிழற்பிரதியும், பஸ் செலவும், மடிக்கணினியும் இலவசமல்ல. 1981இல் நிறுவப்பட்ட மகாபொல நிதியம் பல்லாயிரம் ஏழை மாணவரைக் கரைசேர்த்திருக்கிறது. ஆயினும், அந்தச் சில ஆயிரம் ரூபாவைக் கொண்டு ஒரு மாதத்தை முழுதாக நகர்த்துவது இயலாத காரியம். முதலாண்டு மாணவனின் கைக்கு அது வந்துசேரவும் மாதங்கள் செல்லும். குடும்பத்தின் உதவி மிகுதியாகத் தேவைப்படும் காலமும் அதுவே.

இங்கே இரண்டு பொய்கள் ஒன்றையொன்று சந்திக்கின்றன. பட்டினி கிடக்கும் பிள்ளை "சாப்பிட்டேன்" என்கிறது. கடன்பட்ட தாய் "இங்கே ஒரு குறையுமில்லை" என்கிறாள். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே உணவுப்பொருள்களின் விலை ஓராண்டுக்குள் ஏறத்தாழ இரட்டித்தது. அக்காலத்திலே ஒரு நேரச் சோற்றுப் பொதியை இருவர் பகிர்ந்த கதைகளைச் சிரேஷ்ட மாணவர் இன்றுஞ் சொல்வர். அவர்களுட் பலர் அதனை வீட்டிலே சொன்னதில்லை. 1,000 ரூபா நாட்சம்பளத்தை 2021 வரை போராடியே பெறவேண்டியிருந்த தோட்டத் தொழிலாளியின் மகன், தன் தாயிடம் காசு கேட்பதிலும் பசியே மேல் என்று எண்ணியதில் வியப்பில்லை.

இதற்கு மருந்து கூடுதற் காசு என்று நான் கூறினால் அது பேதைமை. இல்லாத வீட்டிலே எங்கிருந்து வரும்? மருந்து கணக்கு. பிள்ளை புறப்படுமுன்னர் ஒருநாள் எல்லோரும் உட்கார்ந்து கணக்குப் பார்க்கவேண்டும். மாதம் எவ்வளவு அனுப்பமுடியும், எந்தத் திகதியில் அனுப்பமுடியும், அறுவடைக்கு முந்திய மாதங்களில் என்ன செய்வது, எவரிடம் எவ்வளவு கடன், தங்கையின் வகுப்புக் கட்டணம் இதனாற் தடைப்படுகிறதா என்பன யாவும் வெளிப்படையாகப் பேசப்படவேண்டும். திகதி தவறாது வரும் சிறுதொகையைக் கொண்டு மாணவன் திட்டமிட்டு வாழ்வான். எப்போது வரும் என்று தெரியாத பெருந்தொகையைக் கொண்டு அது முடியாது. கடனை மறைப்பதாற் பிள்ளையின் மனம் நிம்மதியடையும் என்பது தவறான எண்ணம். மறைத்தது ஒருநாள் வெளிவரும்போது, தான் உண்ட ஒவ்வொரு கவளமும் தங்கையின் பங்கு என்ற குற்றவுணர்வே மிஞ்சும். முன்னரே தெரிந்திருந்தால் அவன் சிக்கனமாக வாழ்ந்திருப்பான். விடுமுறையில் ஒரு வேலையும் தேடியிருப்பான்.

வெளிநாட்டு உறவினரின் உதவி பற்றியும் ஒரு சொல். மாமனோ சித்தப்பாவோ அனுப்பும் காசு பலரைப் படிக்கவைத்திருக்கிறது, அதனை வணங்குகிறேன். ஆனால் அக்காசோடு எந்தப் பாடத்தைத் தெரிவுசெய்யவேண்டும் என்ற ஆணையும் சேர்ந்து வருமாயின், அதனைத் தடுத்து நிறுத்தவேண்டியது பெற்றாரின் கடமை.

"அதற்கு என்ன வேலை?"

கலைப்பீட மாணவர் ஊரிலே எதிர்கொள்ளும் கேள்வி இது. எமது சமுதாயத்திலே மருத்துவம், பொறியியல், முகாமைத்துவம் என்று இறங்குவரிசையில் ஒரு சாதியமைப்பே உருவாக்கப்பட்டிருக்கிறது. அதன் அடியிலே கலைப்பீடம் வைக்கப்பட்டிருக்கிறது. பெறுபேறு வந்த அன்றே, "கலைதானா?" என்ற ஒரு சொல்லால் மூன்றாண்டு உழைப்பைத் தள்ளிவிடும் உறவினரை நாம் எல்லோரும் அறிவோம். பெற்றார் அவர்களை மறுத்துரைப்பதில்லை. தாமும் சேர்ந்து பெருமூச்சு விடுகின்றனர்.

வேலை பற்றிய அச்சம் ஆதாரமற்றதன்று. 2017இல் வடக்கிலும் கிழக்கிலும் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்காக வீதியோரங்களிற் சத்தியாக்கிரகம் இருந்ததை எமது பெற்றார் கண்ணாற் கண்டனர். ஆனால் அந்த அச்சத்தினால் அவர்கள் செய்வது என்ன? சிறப்புக்கலைக்குத் தெரிவு செய்யும் வேளையிலே, பிள்ளையின் நாட்டத்தை அறியாமல், ஆசிரிய நியமனம் எளிதிற் கிடைக்கும் என்று யாரோ சொன்ன பாடத்தை எடுக்கச் சொல்கின்றனர். விருப்பமில்லாத பாடத்தை எடுத்தவன் நடுத்தரச் சித்தியோடு வெளியேறுகிறான். அச்சித்தி நேர்முகப் பரீட்சையில் அவனைக் கரைசேர்ப்பதுமில்லை. தொழிலை எண்ணி வற்புறுத்திய குடும்பமே தொழிலைக் கெடுத்த குடும்பமாகிறது.

"எப்போது முடியும்?" என்ற கேள்வியின் இடத்திலே "என்ன படிக்கிறாய்?" என்ற கேள்வியை வைத்தால் எவ்வளவு மாறும் என்பதற்கு என்னிடம் ஒரு சான்று உண்டு. இரண்டாமாண்டு விடுமுறையிலே ஒருநாள், நெல்லுப் புடைத்துக்கொண்டிருந்த என் தாய், "மகன், அங்க என்னதான் படிக்கிறாய்? எனக்கும் விளங்கச் சொல்லு பாப்பம்" என்றாள். பண்டைய இலங்கையின் நீர்ப்பாசனம் பற்றி விரிவுரையிற் கேட்டதை எனக்குத் தெரிந்தவரை கூறினேன். அவள் சிரித்துவிட்டு, வட்டவிதானையார் எவ்வாறு வாய்க்கால் நீரைப் பங்கிட்டார் என்பதையும், போடியாரிடம் முல்லைக்காரராக இருந்த தன் தகப்பனார் நீருக்காக இரவிரவாக வரம்பிலே காவலிருந்ததையும் சொல்லத் தொடங்கினாள். அந்த உரையாடல் ஒரு பயிற்சிக் கட்டுரையாயிற்று. முதன்முறையாக விரிவுரையாளர் என்னை அழைத்துக் கதைத்தது அக்கட்டுரைக்காகவே. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய என் தாய், எந்தத் தனியார் கல்வி நிலையமும் தராத உதவியை ஒரு கேள்வியாற் செய்தாள். படிக்காத பெற்றாரிடம் கொடுப்பதற்கு ஒன்றுமில்லை என்று எண்ணும் பிள்ளைகளும், அவ்வாறே தம்மைப்பற்றி எண்ணும் பெற்றாரும் இதனை மனங்கொள்ளவேண்டும்.

பெண்பிள்ளைக்கு வேறு நீதியா?

இன்று எமது பல்கலைக்கழகங்களிற் கற்போருட் பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள். ஆயினும் வீட்டின் நீதி அவர்களுக்கு வேறாகவே இருக்கிறது. மகன் இரவு பத்து மணிக்குத் தொலைபேசியை எடுக்காவிட்டாற் படித்துக்கொண்டிருக்கிறான் என்று கருதப்படும். மகள் ஆறு மணிக்கு எடுக்காவிட்டால் விசாரணை தொடங்கும். ஒன்றுவிட்ட தங்கையின் சாமத்தியச் சடங்குக்கு மகள் பரீட்சைக் காலத்திலும் வந்தே தீரவேண்டும், மகனுக்கு விலக்களிக்கப்படும். விடுமுறையில் மகன் விருந்தாளி, மகள் சமையற்காரி. இரண்டாமாண்டு முடியுமுன்னரே சாதகம் கைமாறத் தொடங்கிவிடும். பல்கலைக்கழகப் படிப்பு சீதனத்தைக் குறைக்கும் என்று ஒரு வீட்டிலும், படித்த பெண்ணுக்குப் படித்த மாப்பிள்ளை தேடவேண்டியிருப்பதால் அது சீதனத்தைக் கூட்டும் என்று இன்னொரு வீட்டிலும் கணக்குப் பார்க்கப்படுகிறது. எமது மாவட்டத்திலே பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுப்பது வழமை. அவ்வீட்டின் கல்லுக்கும் சீமெந்துக்கும் கடன்படத் தயங்காத தகப்பன், மகள் மடிக்கணினி கேட்கும்போது "இது உனக்கு எதற்கு?" என்று கேட்பதை நான் கேட்டிருக்கிறேன்.

இதன் மிகக் கொடிய விளைவு, ஒரு மாணவிக்கு இங்கே தொல்லை நேர்ந்தால் அதனை அவள் வீட்டிலே சொல்லமுடியாமையாகும். சொன்னால், தொல்லை செய்தவன் தண்டிக்கப்படமாட்டான். அவளுடைய படிப்பே நிறுத்தப்படும். தன்மேல் இழைக்கப்பட்ட குற்றத்துக்குத் தானே தண்டனை பெறும் இந்த நிலையை எந்தப் பண்பாட்டின் பெயராலும் நியாயப்படுத்தமுடியாது. "என்ன நடந்தாலும் உன் படிப்பு நிற்காது" என்று மகளிடம் புறப்படுமுன்னரே சொல்லிவைக்கும் தகப்பன், அவளுக்கு ஒரு வீட்டைக் கட்டிக் கொடுப்பதிலும் பெரிய கொடையைச் செய்தவனாவான்.

எம்மீதும் குற்றமுண்டு

இதுவரை வீட்டாரை நோக்கிப் பேசினேன். எம்மைப்பற்றியும் பேசாவிட்டால் இக்கட்டுரை நேர்மையற்றதாகிவிடும். வீட்டார் அறியாதிருப்பதற்கு நாமும் காரணர். பல்கலைக்கழகத்தை ஒரு மந்திர மண்டபமாக அவர்களுக்குக் காட்டியவர்கள் நாமே. தவறிய பாடத்தை மறைக்கிறோம். "இங்கே அப்படித்தான், உங்களுக்கு விளங்காது" என்று தாயின் வாயை அடைக்கிறோம். பின்னர் எம்மை விளங்கிக்கொள்வார் எவருமில்லை என்று கவிதை எழுதுகிறோம். நேற்று வீட்டுக்கு ஓடிப்போய் அழுதவன் அடுத்த ஆண்டு புதியவர் வந்ததும் அதே வதையைச் செய்வதையும் கண்டிருக்கிறோம். அவன் "எல்லாரும் பட்டதுதானே" என்ற தகப்பனின் வாக்கியத்தையே தன் நியாயமாகக் கொள்கிறான்.

பல்கலைக்கழக நிர்வாகங்களும் தம் பங்கை உணரவேண்டும். பதிவு நாளன்று, மகளின் பையைச் சுமந்துகொண்டு நூறு மைல் கடந்து வந்த தகப்பனை வாசலுக்கு வெளியே வெயிலில் நிறுத்திவைக்கிறார்கள். அதன்பின் பட்டமளிப்பு விழாவுக்கே அவர் அழைக்கப்படுகிறார். இடையிலே ஓர் ஆபத்துக்கு அவர் தொலைபேசியில் அழைத்தால், அவருடைய மொழியில் மறுமொழி சொல்ல ஆளிருப்பதில்லை. "இது வயதுவந்தோர் பயிலும் இடம்; பெற்றார் தலையிடலாகாது" என்று சில விரிவுரையாளர் கூறுவர். வயதுவந்தவன் என்றால் தனித்துவிடப்பட்டவன் என்று பொருளல்ல. தலையிடுதல் வேறு, துணைநிற்றல் வேறு. துணைநிற்கத் தெரியாத காரணத்தினாலேயே பல பெற்றார் ஒன்றில் தலையிடுகின்றனர் அல்லது விலகிவிடுகின்றனர்.

எமது தமிழ்ச் சங்கத்திடம் ஒரு வேண்டுகோளை முன்வைக்கிறேன். ஆண்டுதோறும் விழாவும் மலரும் எடுக்கிறோம். அடுத்த ஆண்டு முதல், புதிய மாணவரின் பெற்றாருக்கென எளிய தமிழில் இருபது பக்கங் கொண்ட ஒரு கைந்நூலையும் வெளியிடுவோம். அரையாண்டு என்றால் என்ன, ஒரு பாடத்திலே தவறினால் மீண்டும் எழுதலாமா, மகாபொலவுக்கு எவ்வாறு விண்ணப்பிப்பது, பகிடிவதை பற்றி எவரிடம் முறையிடுவது, தமிழிலே கதைக்கக்கூடிய மாணவ ஆலோசகர் யார் என்பன அதில் இருக்கட்டும். பதிவு நாளன்று வாசலிலே காத்திருக்கும் பெற்றாரை ஒரு மண்டபத்தில் இருத்தி, ஒரு குவளை தேநீர் கொடுத்து, ஒரு மணிநேரம் அவர்களோடு கதைப்போம். சிரேஷ்ட மாணவர் என்ற சொல்லுக்கு அன்றாவது ஒரு நல்ல பொருள் கிடைக்கும்.

பெற்றாரிடம் வேண்டுவதும் மிகப் பெரியதன்று. பதாகை கட்டுங்கள், பொங்கல் பொங்குங்கள், பிள்ளையின் வெற்றியை ஊரோடு கொண்டாட உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் பிள்ளை பஸ் ஏறுமுன்னர் ஒன்றை வாய்விட்டுச் சொல்லி அனுப்புங்கள்: தவறினாலும் வரலாம், பயந்தாலும் வரலாம், எதுவானாலும் வந்து சொல்லலாம், ஊருக்கு நாங்கள் மறுமொழி சொல்லிக்கொள்வோம் என்று. என் தகப்பனார் அன்று அவ்வாறு சொல்லவில்லை. சென்ற ஆண்டு என் தங்கைக்கும் பல்கலைக்கழக அனுமதி கிடைத்தது. அவள் புறப்பட்ட அன்று, பஸ் வருமுன்னர், அவர் அதனை அவளிடம் சொன்னார். சந்தியிலே அவளுடைய பதாகையும் நின்றது. அதை அவர் திரும்பியும் பார்க்கவில்லை.